மாடல் ரயிலுக்கு ஹாரன்: 555 சர்க்யூட்டா, மெமரி கார்டா?

ஹாரன் ஒலியை சர்க்யூட்டிலேயே பிறப்பிக்கலாம். இல்லையென்றால் நிஜ ரயிலின் ஒலியை ஒரு மாட்யூலில் ஏற்றி ஓட விடலாம். முதல் தடவை கேட்கும்போது மாட்யூல்தான் ஜெயிக்கும். பட்டனை உங்கள் விரலே அழுத்தும்போது கதை மாறும்.

டீசல் ஹாரன் ஒற்றைச் சுரம் அல்ல. அமெரிக்க இன்ஜின்களில் பரவலாக இருக்கும் நேதன் கே5எல்ஏ ஹாரனில் ஐந்து குழல்கள். அவற்றில் தாழ்ந்த இரண்டும் சுமார் 311, 370 ஹெர்ட்ஸ். சீரான துடிப்பைப் பிறப்பிக்கும் 555 டைமர் ஐசி ஒன்றோடு 2.2 கிலோஓம், 22 கிலோஓம் ரெசிஸ்டர்கள், 0.1 மைக்ரோஃபாராட் கெப்பாசிட்டர் சேர்த்தால் 311 பக்கத்தில் வந்து நிற்கும். அடுத்த 555இல் 22க்குப் பதில் 25 கிலோஓம் பிரிசெட் (திருகித் திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, காதால் கேட்டுக்கொண்டே திருப்பி 370க்குக் கொண்டுவரலாம். கெப்பாசிட்டர் பாலியஸ்டராக இருக்கட்டும். மலிவான டிஸ்க் செராமிக் போட்டால் சூடு ஏற ஏறச் சுரம் நழுவும்.

இரண்டு அவுட்புட்டையும் நேரடியாக இணைத்தால் ஐசி போய்விடும். ஆளுக்கொரு 10 கிலோஓம் வழியாகச் சேர்த்து, சேரும் இடத்திலிருந்து 0.047 மைக்ரோஃபாராட் ஒன்றை கிரவுண்டுக்கு இறக்கினால் சதுர அலையின் கரகரப்பு மட்டுப்படும். அது இல்லாவிட்டால் அலாரம் கடிகாரம்தான். பிறகு வால்யூம் கண்ட்ரோல், எல்எம் 386 ஆம்ப்ளிஃபையர் ஐசி, ஸ்பீக்கர்.

பட்டனை 555இன் ரீசெட்டான 4ஆம் பின்னில் கொடுத்தால் ஒலி கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. 9 வோல்ட் சப்ளையையே பட்டன் வழியாகக் கொடுத்து, அதற்குப் பின்னால் 1000 மைக்ரோஃபாராட் வைத்தேன். விரலை எடுத்த பிறகும் ஒரு கணம் ஹாரன் அடங்கி ஓய்கிறது. 555இன் சுரம் சப்ளை வோல்டேஜைப் பெரிதாகச் சார்ந்ததல்ல என்பதால் சுரம் கெடாமல் சத்தம் மட்டும் தேய்கிறது.

மெமரி கார்டில் இருக்கும் ஒலியை ஓட்டும் டிஎஃப்பிளேயர் மினி மாட்யூலில் இந்தச் சுகம் கிடையாது. பதிவு மூன்று விநாடி என்றால் தட்டிவிட்டாலும் மூன்று விநாடி. நிறுத்தச் சொன்னால் நடுவில் அறுபடும். தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று ஃபைலாக வெட்டினால் எம்பி3யில் ஒட்டுகிற இடம் காதில் இடறும். ஐஎஸ்டி 1820 என்ற ஒலிப்பதிவு சிப்பில் அழுத்தும்வரை மட்டும் ஒலிக்கும் வசதி உண்டு. ஆனால் 10 விநாடிப் பதிவுக்கு அதன் ஒலி எல்லை 2.6 கிலோஹெர்ட்ஸோடு முடிகிறது. ஹாரனுக்கு ஓரளவு போதும்.

நீராவி விசில் வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. அதன் உயிரே 'ஸ்ஸ்' என்ற ஆவிச் சீற்றம். ஐஎஸ்டி விழுங்குவதும் அதைத்தான். சர்க்யூட்டில் செய்ய, பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டரைத் தலைகீழாக மாட்டி இரைச்சல் எடுக்க வேண்டும். தளர்ந்த 9 வோல்ட் பேட்டரியில் அது முனகும், 12 வேண்டும். ஒரே பாக்கெட்டில் எடுத்த மூன்று டிரான்சிஸ்டர்கள் எனக்கு மூன்று விதமாகச் சீறின. அதோடு சைன் அலை ஆசிலேட்டர்கள் மூன்று, ஆவி ஏறும்போது சுரம் மேலேறும் அந்த இழுவை... இரண்டு வார இறுதி போனது. கிடைத்தது பிரஷர் குக்கர்.

இப்போது என் லேஅவுட்டில் ஹாரனுக்கு 555 ஜோடி, விசிலுக்கு மெமரி கார்டு. ஸ்பீக்கர் இரண்டுக்கும் பொது. அதை பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் காற்றுப் புகாமல் ஒட்டி, பலகைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெறும் ஸ்பீக்கரில் 311 ஹெர்ட்ஸ் வந்ததா என்றே சந்தேகமாக இருந்தது.