நான்கு ஆண்டுகளாகக் கல்லாவில் உழைக்கும் விசைப்பலகை: விசைகளை அமைத்த அனுபவம்

தருமபுரியில் நாங்கள் நடத்தும் மளிகைக் கடையில் கேழ்வரகு, சாமை, கொள்ளு, புளி என எடை போட்டுத் தரும் சரக்கே அதிகம். இவற்றுக்குப் பார்கோடு கிடையாது என்பதால், ஒவ்வொரு பொருளின் எண்ணையும் நினைவில் வைத்து அடிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் 84 விசைகளுக்கும் நாமே வேலை ஒதுக்கக்கூடிய பில்லிங் விசைப்பலகை ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கினோம். ஒரு விசையை அழுத்தினால், பொருளின் எண்ணும் அதைத் தொடர்ந்து என்டரும், யாரோ கையால் அடித்ததைப் போலவே கணினிக்குச் செல்கின்றன. ஆகவே பில்லிங் மென்பொருளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

முதலில் பொருள்களை அகர வரிசையில் அடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது, வேலைக்கு உதவவில்லை. "அண்ணா, பேரைத் தேடுற நேரத்துல நான் நம்பரையே அடிச்சிடுவேன்" என்று பில் போடும் பெண் சொன்ன பிறகு, ஒரு வாரத்துப் பில்களை எடுத்துவைத்து, எந்தப் பொருள் எத்தனை முறை விற்கிறது என்று எண்ணினேன். தராசு இடப்புறம் இருப்பதால் இடக்கை பையைப் பிடித்திருக்கும். எனவே அதிகம் விற்கும் 12 பொருள்களை வலக்கைக்கு எட்டும்படி எண் விசைகளை ஒட்டி வைத்தேன். கேழ்வரகையும் கேழ்வரகு மாவையும் அடுத்தடுத்து வைத்தது என் பெரிய தவறு: பெயர் ஒத்திருப்பதால் பில்லில் பிழை கண்ணில் படாது, விலையோ வேறு. இப்போது அவை எதிரெதிர் ஓரங்களில் உள்ளன.

மற்றொரு சிக்கலின் காரணம் புரியச் சில நாள்கள் ஆயின. பற்று வாடிக்கையாளர்களின் பெயரைத் தமிழில் எழுதுவதற்காகத் தமிழ் 99 என்ற தட்டச்சு அமைப்பைப் போட்டுவிட்டு மாற்ற மறந்தால், அப்போது ஆர், ஜி என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கிய பொருள் குறியீடு 'ஐஎ' என்று விழுந்தது. விசைப்பலகை அனுப்புவது எந்த விசை என்ற குறிப்பை மட்டுமே. அது எந்த எழுத்து என்பதைக் கணினிதான் முடிவு செய்கிறது. குறியீடுகள் அனைத்தையும் வெறும் எண்களாக்கிய பின் அந்தத் தொல்லை நீங்கியது. பழைய கணினியில் எண்களுக்கு நடுவே ஓர் இலக்கம் விடுபடுவதும் உண்டு. விசைகளுக்கிடையே 20 மில்லிவினாடி இடைவெளி கொடுத்ததும் அது நின்றது.

விலை மாற்றுவதற்கான கடவுச்சொல்லை மட்டும் எந்த விசையிலும் வைக்காதீர்கள். நோட்பேடைத் திறந்து அந்த விசையை அழுத்தினால் யார் வேண்டுமானாலும் அதைப் படித்துவிடலாம்.

தானியத் தூசியால் ஒளிபுகும் மூடிகள் மங்கிவிட்டன. உள்ளே வைத்த பெயர்ச்சீட்டுகளை இரண்டு முறை மாற்றினேன். அமைப்பு விசைப்பலகையின் நினைவகத்திலேயே பதிந்திருப்பதால், சென்ற ஆண்டு கணினியை மாற்றியபோது கம்பியைச் செருகியதும் வேலை தொடங்கியது. ஆயினும் அமைப்புக் கோப்பின் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் போட்டு, கல்லாப்பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.