ஆமையும் முயலும் உள்ள பேட்டரி ஸ்கூட்டர்: எட்டு மாத அனுபவம்

போலியோவால் எனக்கு வலது காலில் பலமில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரைக்கு யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர வேண்டும் என்றுதான் இந்த மூன்று சக்கர பேட்டரி ஸ்கூட்டரை வாங்கினேன். 78 ஆயிரம் ஆனது. கொடுத்த காசுக்கு வருத்தமில்லை. ஆனால் விற்றவர் சொல்லாமல் விட்ட சில விஷயங்களை நான் ரோட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

கைப்பிடி நடுவில் வேகத் திருகு. ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல். வலது கட்டைவிரலால் நெம்பை (லீவரை) அழுத்தினால் வண்டி ஓடும், விட்டால் தானே பிரேக் பிடித்து நிற்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் சீட்டுக்குப் பின்னால் கீழே இன்னொரு சிவப்பு நெம்பு இருக்கிறது. கையால் தள்ளிக்கொண்டு போவதற்காக அதை மாற்றினால் பிரேக்கும் சேர்ந்து விலகிவிடும். அக்கா மகன் வண்டியை நகர்த்தி வைத்துவிட்டு அதைத் திருப்பிப் போட மறந்துவிட்டான். நான் உட்கார்ந்ததும் வாசல் சாய்தளத்தில் உருண்டு தெருவுக்கே வந்துவிட்டேன். ஓர் ஆட்டோக்காரர் ஓடி வந்து பிடித்தார். இப்போதெல்லாம் உட்காரும் முன் அந்த நெம்பைத் தொட்டுப் பார்க்காமல் ஏறுவதில்லை.

அடுத்தது, எந்தப் பக்கம் போவது? நடப்பவர்கள் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் போக வேண்டும் என்று படித்தவள் நான். மகாத்மா காந்தி சாலையில் ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு அப்படியே போனேன். பைக்கில் ஒருவர் நேரே வந்து கடைசி நொடியில் ஒடித்தார். "லைட்டைப் பார்த்து எந்தப் பக்கம் போறதுன்னே புரியலக்கா" என்றார். அப்புறம்தான் பிரிட்டன் சாலை விதிகளைத் தேடிப் படித்தேன். இருட்டில் விளக்கோடு போகும்போது போக்குவரத்தின் திசையிலேயே போகச் சொல்கிறார்கள், மற்றவர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக. நான் இப்போது இரவில் இடது ஓரமாகத்தான் போகிறேன்.

நடைபாதையில் போகலாமே என்பீர்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி, நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. என் வண்டி அகலம் 55 சென்டிமீட்டர்தான், அதுகூட நிறுத்திய பைக்குகளுக்கு நடுவே நுழையாது. 15 சென்டிமீட்டர் உயர விளிம்புக்கல்லில் ஏற 1.8 மீட்டர் நீள சாய்தளம் வேண்டும். இங்கே கடை வாசலில் இரண்டடிப் பலகை போட்டிருப்பார்கள், அதில் ஏறினால் முன்சக்கரம் தூக்கிவிடும். முயல் வேகத்தில் திரும்பினாலும் உள்பக்கச் சக்கரம் எழும்பும். ஆமைக்கு மாற்றிவிட்டுத் திருப்புங்கள்.

உட்கார்ந்தால் என் தலை கார் கண்ணாடி உயரம்கூட வருவதில்லை, பின்னால் எடுக்கும் கார்க்காரருக்கு நான் தெரியமாட்டேன். பின்னால் ஃபைபர் குச்சியில் ஆரஞ்சுக் கொடி கட்டினேன், சைக்கிள் கடையில் ஒளிரும் டேப் வாங்கி மூன்று பக்கமும் ஒட்டினேன். இதற்கான செலவு சில நூறுதான். அந்தக் கொடி ஏறிய நாளிலிருந்து ஹாரன் சத்தம் குறைந்தது உண்மை.

கடற்கரை உப்புக்காற்றில் பேட்டரி முனை பச்சை பூத்தது, வாசலின் தடவினேன், சரியானது. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகள் கிடையாது. காந்தி சிலை வரை ஆமையில் போகிறேன், பக்கத்தில் என் அக்கா நடந்து வருகிறாள்.