கழுத்துக் காயத்துக்கு ஸ்டான்லி மருத்துவமனையில் பெற்ற சிகிச்சை

எண்ணூர் விரைவுச் சாலையில் இருசக்கர வாகனத்திலிருந்து தூக்கியெறியப்பட்ட என் தங்கையின் கணவருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையைப் பற்றி, வடசென்னைக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் காட்டிய தனியார் மருத்துவமனையில், எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று சொல்லி, மெத்தென்ற கழுத்துப் பட்டையும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நடுவிரல் மரத்துப்போய், முழங்கையை நீட்டும் வலுவும் குறைந்த பிறகு, 108 ஆம்புலன்ஸில் ஸ்டான்லிக்குக் கொண்டுசென்றோம். பழைய படத்தைப் பார்த்ததுமே அங்கிருந்த மருத்துவர், தோள் மறைத்ததால் ஆறாவது கழுத்தெலும்புக்குக் கீழே எதுவும் பதிவாகவில்லை என்பதையும், ஏழாவது கழுத்தெலும்பு முதுகெலும்போடு சேரும் இடம் தெரியாத படத்தை வைத்துக் கழுத்து நலம் என்று முடிவு செய்யவே கூடாது என்பதையும் எடுத்துச் சொன்னார். சி.டி. ஸ்கேனில் ஆறாவது எலும்பு ஏழாவதன் மேல் ஏறத்தாழ கால் பங்கு முன்னே நழுவி, ஒரு பக்கத்து மூட்டு தாண்டிப் பூட்டிக்கொண்டிருந்தது. இரு பக்கமும் விலகினால் நழுவல் பாதியளவோ அதற்கு மேலோ போகும்; தண்டுவடம் நசுங்கிக் கைகால்கள் செயலிழக்கும் அபாயமும் பன்மடங்கு கூடும்.

என் மதிப்பீட்டில், இந்தச் சிகிச்சையின் தரம் வெளிப்பட்டது மூட்டைத் திரும்பப் பொருத்திய முறையில்தான். எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று எம்.ஆர்.ஐ.யில் பார்த்துக்கொண்டு, காதுகளுக்கு மேலே மண்டையோட்டில் இடுக்கி பொருத்தி, கழுத்தை இழுக்க அதில் எடை தொங்கவிட்டு, சுமார் 5 கிலோவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். ஒவ்வொரு முறையும் கைகால் அசைவையும் உணர்ச்சியையும் சோதித்து, எக்ஸ்ரேயும் எடுத்த பிறகே அடுத்த எடையை மாட்டினார்கள். மயக்க மருந்து கொடுக்கக் கூடாதா என்று தங்கை பதறியபோது, "அவர் விழிச்சிருந்தாத்தாம்மா, மரப்பு கூடுதுன்னா உடனே சொல்ல முடியும்" என்று மருத்துவர் பொறுமையாக விளக்கியதை நன்றியோடு பதிவு செய்கிறேன். மூட்டு இடத்தில் அமர்ந்த பின், முன்கழுத்து வழியாக வட்டை அகற்றித் தகடு வைத்து எலும்புகளை இணைத்தார்கள்.

வார்டில் அவரைப் புரட்டும்போதெல்லாம் ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர்கள் உடலை ஒரே கட்டையாகத் திருப்பினார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னான நாட்களில் இது எவ்வளவு முக்கியம் என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். முழங்கையின் வலு திரும்பிவிட்டது. விரலில் எஞ்சியிருக்கும் மரப்பு மெல்லத்தான் குறையும் என்றார்கள். இயன்முறைப் பயிற்சி தொடர்கிறது. வேறிடத்தில் எடுத்த படங்கள் இருந்தால் செல்பவர்கள் தவறாமல் கொண்டுபோங்கள்.