கைப்பம்பு கொண்டு எஞ்சின் ஆயில் மாற்றுதல்: மூன்று முறை பயன்படுத்திய பின் என் மதிப்பீடு

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் தம் காரின் எஞ்சின் ஆயிலைத் தாமே மாற்ற நினைத்தால், முதலில் குறுக்கே நிற்பது இடந்தான். கீழ்த்தள நிறுத்துமிடத்தில் வண்டிக்கு அடியில் இறங்கி நின்று வேலை செய்யப் பள்ளம் கிடையாது. வண்டியைத் தூக்கி அடியில் படுக்க அகலம் போதாது. தரையில் நான்கு சொட்டு ஆயில் சிந்தினால் மறுநாள் காலையில் குடியிருப்போர் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் இப்படிப்பட்ட குடியிருப்பில் வாழும் நான், ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் குழாய் வழியாகவே பழைய ஆயிலை மேலே இழுத்து எடுக்கும் கைப்பம்பு ஒன்றை 3,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரண்டரை ஆண்டுகளில் மூன்று முறை அதைக் கொண்டு ஆயில் மாற்றியிருக்கிறேன். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட மாருதி ஸ்விஃப்ட். ஃபில்டரையும் சேர்த்து மாற்றும்போது அதற்கு ஏறத்தாழ 3.1 லிட்டர் ஆயில் தேவைப்படும்.

இந்த வேலையை நானே செய்ய முடிவெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பணிமனையில் ஆயில் மாற்றியபோது, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பில், ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டைக் கையால் பொருத்தாமல், விசையோடு முறுக்கும் இம்பாக்ட் கன்னால் ஒரேயடியாக முறுக்கி விட்டார்கள். அடுத்த முறை அதைக் கழற்றியபோது, சுருண்ட உலோக இழை ஒன்று போல்ட்டோடு சேர்ந்து வெளியே வந்தது. அது சம்ப்பின் மரை. மெல்லிய கம்பிச் சுருள் போல அது என் உள்ளங்கையில் கிடந்த காட்சி இன்னும் மறக்கவில்லை. சம்ப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. டிரெயின் போல்ட்டைத் தொடாமலே ஆயிலை எடுக்க ஒரு வழி இருக்கிறது என்று அறிந்தபோது, அதை உடனே நம்பி வாங்கியதற்கு அந்த அனுபவமே காரணம்.

கருவியின் அமைப்பு எளிமையானது. ஆறு லிட்டர் கொள்ளும் தடித்த பிளாஸ்டிக் கலன், அதன் தலையில் சைக்கிள் பம்பு போன்ற கைப்பிடி, ஒரு நெகிழ்குழாய், அதன் நுனியில் பொருத்துவதற்கு வெவ்வேறு பருமனில் மூன்று மெல்லிய குழாய்கள், குழாயை இறுக்கி மூட ஒரு கவ்வி. கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை இழுத்து அழுத்தினால் கலனுக்குள் இருக்கும் காற்று வெளியேறி அழுத்தம் குறைகிறது. பிறகு கவ்வியைத் திறந்தால், வெளியிலுள்ள காற்றழுத்தம் சம்ப்பிலுள்ள ஆயிலைக் குழாய் வழியே கலனுக்குள் தள்ளிவிடுகிறது. பம்பு ஆயிலைத் தொடுவதே இல்லை. ஆகவே உள்ளே தேய்வதற்கோ அடைத்துக்கொள்வதற்கோ பெரிதாக எதுவும் கிடையாது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இந்தக் கருவியால் வேறு எந்த விசையையும் தர முடியாது. நாம் நுழைக்கும் குழாயோ பேனா ரீஃபிலைவிடச் சற்றே பெரியது. எனவே எவ்வளவு வேகமாக ஆயில் ஏறும் என்பதை நம் கைப்பலம் தீர்மானிப்பதில்லை. ஆயில் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. நான் ஊற்றும் 5டபிள்யூ-30 ரக ஆயில், 100 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறக்குறைய ஐந்து ஆறு மடங்கு கெட்டியாக இருக்கும். முதல் முறை இதைப் பொருட்படுத்தாமல், இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையிலேயே பம்பைப் பொருத்திவிட்டேன். நாற்பது நிமிடம் ஆனது. குழாயில் ஆயில் நகர்வதே கண்ணுக்குத் தெரியவில்லை. இடையிடையே கலனுக்குள் அழுத்தம் மீண்டும் ஏறிவிட, மீண்டும் மீண்டும் பம்பு அடிக்க வேண்டியிருந்தது. இறுதியில் கிடைத்தது 2.4 லிட்டர் மட்டுமே. இரண்டாம் முறை பத்து நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துத் தொடங்கினேன். பன்னிரண்டு நிமிடத்தில் 2.7 லிட்டர் வந்துவிட்டது. அதற்காக எஞ்சினை நிறுத்திய உடனேயும் தொடங்கக் கூடாது. கொதிக்கும் ஆயிலில் இந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இளகி வளைந்துவிடும். வெப்ப வரம்பு கருவியோடு வந்த தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.

குழாயை நுழைப்பதில் ஒரு பக்குவம் தேவைப்படுகிறது. டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு, அந்தத் துளையில் குழாயை மெல்ல இறக்கினால், வளைவில் ஒரு தடங்கல் தெரியும். அங்கே அழுத்தித் தள்ளாமல் விரலிடையில் இலேசாக உருட்டினால் அது தானே வழி கண்டு இறங்கும். அடித்தட்டைத் தொட்டதும் நுனியில் ஒரு மெல்லிய முட்டல் உணரப்படும். அங்கிருந்து ஒரு நகத்தின் அகலம் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நுனி தட்டோடு ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். அதற்கு மேலும் உள்ளே தள்ளினால் குழாய் சம்ப்புக்குள் வளைந்து, நுனி ஆயில் மட்டத்துக்கு மேலே நின்றுவிடும். முதல் முறை எனக்கு ஆயில் குறைவாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆயில் தீரும் தறுவாயில் குழாயில் காற்றுக் குமிழ்கள் கலந்து சளசளவென்று ஓசை எழும். அப்போது நுனியைச் சற்று இப்படியும் அப்படியும் நகர்த்தினால் இன்னும் ஒரு டம்ளர் அளவு கிடைக்கும்.

மூன்றாம் முறைதான் என் எண்ணம் மாறியது. எங்கள் குடியிருப்பில், பல ஆண்டுகள் லேத் பட்டறை நடத்தி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் பம்பு அடிப்பதை அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், “ஏந் தம்பி, எண்ணெய வெளிய எடுத்துட்டா ஆச்சா? போல்ட்டும் மரையும் எப்படி இருக்குதுன்னு யாரு பாக்கறது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் வீட்டிலிருந்து இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகளை எடுத்து வந்தார். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கைபிரேக் போட்டு, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் இறக்கினோம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். அந்த ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கானது. அது நழுவினால் அடியில் இருப்பவருக்குத் தப்பிக்க நேரம் கிடைக்காது.

பம்பு இனி எடுக்க எதுவும் இல்லை என்று காற்றை இழுத்த பின்னரும், டிரெயின் போல்ட்டைக் கழற்றியபோது 180 மில்லி ஆயில் வடிந்தது. அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்தே இதைச் சொல்கிறேன். மொத்தக் கொள்ளளவில் அது ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. இவ்வளவு பழைய ஆயில் புதியதோடு கலப்பதால் எஞ்சினுக்குக் கேடு வந்துவிடும் என்று நான் கருதவில்லை. நல்ல ஆயிலில் சேர்க்கப்படும் டிஸ்பர்சன்ட் எனும் பொருள், கரித்துகளை அடியில் படியவிடாமல் ஆயிலிலேயே மிதக்க வைக்கிறது. எனவே சூடான ஆயிலை எடுக்கும்போது அழுக்கின் பெரும்பகுதியும் அதோடு வந்துவிடுகிறது. “பம்பில் எடுத்தால் கசடெல்லாம் அடியிலேயே தங்கிவிடும்” என்று மெக்கானிக்குகள் பலர் சொல்வதை, தவறாமல் ஆயில் மாற்றப்படும் வண்டிகளுக்கு முழுமையாகப் பொருத்த முடியாது.

ஆனால் பெரியவர் கேட்டது ஆயில் அளவைப் பற்றியதல்ல. வண்டிக்கு அடியில் போனதால்தான் மூன்று செய்திகள் எனக்குத் தெரிய வந்தன. போல்ட்டின் வாஷர் ஒரு பக்கம் நசுங்கித் தட்டையாகியிருந்தது. அதைச் சுற்றி ஈரம் கசிந்து புழுதி ஒட்டி ஒரு கறுப்பு வளையம் உருவாகியிருந்தது. வலப்பக்கச் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறையில் மெல்லிய வெடிப்பு தொடங்கியிருந்தது. ஃபில்டரின் தோளிலும் ஆயில் பூத்திருந்தது. இரண்டு முறை பம்பால் மேலிருந்தே வேலையை முடித்துக்கொண்டு, அடிப்பக்கத்தைப் பாராமல் விட்டதன் விளைவு இது. வாஷர் மிக மலிவான பொருள். போல்ட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டு, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் வைத்துக் கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் மரைக்கு ஒன்றும் ஆகாது. மரையைக் கெடுத்தது டிரெயின் போல்ட்டைக் கழற்றுவது என்ற வேலை அல்ல, அதைப் பணிமனையில் இறுக்கிய விதமே என்பதை நான் காலந்தாழ்த்தித்தான் உணர்ந்தேன்.

இனி இந்தக் கருவியின் மிகப் பெரிய குறைக்கு வருகிறேன். அதைக் கருவியின் குறை என்பதைவிட என் வண்டிக்கும் அதற்கும் உள்ள பொருத்தமின்மை என்று சொல்வதே நியாயம். ஸ்விஃப்டில் ஆயில் ஃபில்டரை அடிப்பக்கமாகத்தான் கழற்ற வேண்டும். ஆயிலை மேலே எடுத்துவிட்டாலும் ஃபில்டருக்காக எப்படியும் வண்டியைத் தூக்கியே ஆக வேண்டும். தூக்கிய பிறகு டிரெயின் போல்ட் ஒரு சாண் தொலைவில் கண்ணெதிரே இருக்கிறது. அப்படியானால் பம்பு எதற்கு? முதல் மாற்றத்தில் சோம்பலால் பழைய ஃபில்டரை அப்படியே விட்டுவிட்டேன், அது தவறு. ஃபில்டருக்குள்ளேயே ஒரு குவளைப் பழைய ஆயில் தங்கியிருக்கும். அதன் காகிதம் அடைபட்டால், உள்ளிருக்கும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே எஞ்சினுக்கு அனுப்பும். இரண்டாம் மாற்றத்தில் ஃபில்டரைக் குறுகிய இடத்தில் கைவிட்டுத் தடவித்தான் கழற்றினேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அதன்மேல் புதிய ஃபில்டரைப் பொருத்தி எஞ்சினை இயக்கியதும், இரண்டு வளையங்களுக்கு இடையே ஆயில் பீய்ச்சியடித்தது. உடனே நிறுத்தியதால் எஞ்சின் தப்பியது. தரையைத் துடைக்க ஒரு மணி நேரம் ஆனது. பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பது இப்போது என் முதல் வேலை. அதன் பிறகே புதிய வளையத்தில் ஒரு துளி புது ஆயிலைத் தடவி, எஞ்சினைத் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று கையால் இறுக்குகிறேன்.

ஃபில்டர் எஞ்சினின் தலைப்பக்கத்திலேயே அமைந்த கார்களுக்கு இந்தக் கருவி முற்றிலும் பொருந்தும். மெர்சிடிஸ்-பென்ஸ் கார்கள் பலவற்றில் ஃபில்டர் உறையை மேலிருந்தே திறக்கலாம். அத்தகைய வண்டி வைத்திருப்பவர் சட்டைக் கையில் கறைபடாமல் அரை மணி நேரத்தில் வேலையை முடிக்கலாம். வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் பானெட்டைத் திறந்து, ஃபில்டர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வாங்கலாம். தெரியாவிட்டால் அந்தப் பணத்தில் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகளையும், ஃபில்டரின் தலைக்குப் பொருந்தும் கிண்ண வடிவ ரென்ச்சையும், அகன்ற வடிதட்டையும் வாங்குவது மேல்.

கருவியின் தயாரிப்புத் தரத்தில் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. கலனில் பொறித்துள்ள அளவுக்கோடுகளை நம்ப முடியாது; குவளையில் அளந்தபோது 2.7 லிட்டர் இருந்த ஆயில் கலனில் 3 லிட்டர் கோட்டைத் தொட்டு நின்றது. எவ்வளவு எடுத்தோமோ அவ்வளவு ஊற்றினால் போதும் என்று அந்தக் கோட்டைப் பார்த்துப் புது ஆயிலை ஊற்றுபவர் ஏமாறுவார். முதலில் 2.8 லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஓரிரு நிமிடம் இயக்கி நிறுத்தி, சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மிச்சத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே சரி. இரண்டாவது குறை, நெகிழ்குழாயும் மெல்லிய குழாயும் சேரும் இணைப்பு. அங்கே காற்று உள்ளே கசிந்ததால்தான் முதல் நாள் கலனில் குறைந்த அழுத்தம் நிலைக்கவில்லை. சிறிய ஹோஸ் கிளிப் ஒன்றைப் போட்டு இறுக்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. அந்தக் கிளிப்பைத் தயாரிப்பாளரே கொடுத்திருக்கலாம்.

மனதாரப் பாராட்ட வேண்டியது, பழைய ஆயிலைச் சிந்தாமல் கொண்டுபோக இது தரும் வசதி. மூடிய கலனில் இருப்பதை அப்படியே காலி ஆயில் கேனுக்கு மாற்றிவிடலாம். நம் பக்கத்தில் பழைய ஆயிலைச் சென்ட்ரிங் பலகையில் பூசுவதும், கரையான் வராமல் இருக்கத் தூண்களில் தடவுவதும், சாக்கடையில் ஊற்றுவதும் இன்னும் வழக்கத்தில் இருக்கின்றன. பயன்படுத்திய எஞ்சின் ஆயிலில் உலோகத் துகள்களும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹைட்ரோகார்பன்களும் உண்டு. அபாயகரக் கழிவுகள் குறித்த 2016ஆம் ஆண்டு விதிகளின் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. நான் கேனை மூடி, மறுசுழற்சி உரிமம் பெற்றவருக்குப் பழைய ஆயிலை விற்கும் ஒரு பணிமனையில் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் அதை மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்த மாற்றத்துக்கு டிரெயின் போல்ட் வழியாகவே ஆயிலை வடிப்பதாக இருக்கிறேன். வாஷரும் ஃபில்டரும் ஏற்கெனவே வாங்கி வைத்தாயிற்று. பம்பை விற்கவில்லை. சென்ற மாதம் எதிர்வீட்டுக்காரரின் வண்டியில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றப்பட்டு, டிப்ஸ்டிக்கில் மேல் குறிக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அடியில் எதையும் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் மிகையை எடுத்துச் சரியான குறிக்குக் கொண்டுவந்தோம். அந்த ஒரு வேலைக்கு இதைவிட ஏற்ற கருவி என் கையில் வேறில்லை.