சாலிகிராமத்தில் ஓர் ஆடிஷன் பயிற்சிக்கூடம்: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

'புதுமுகங்கள் தேவை' என்ற அறிவிப்பைக் கண்டதும் படநிறுவன வாசலில் போய் நிற்க வேண்டிய நிலை இன்று பெரும்பாலும் இல்லை. ஒரு நிமிட நடிப்புக் காணொளியையும் சில புகைப்படங்களையும் அனுப்பினாலே முதல் சுற்றுக்குப் போதுமானதாகிறது. அந்தக் காணொளியைப் பயிற்சியுடன் எடுத்துத் தரும் கூடம் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்திருந்தேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

பயிற்சியைத் தயங்காமல் பாராட்டலாம். பெயர், வயது, உயரம், ஊர் ஆகியவற்றைக் கேமராவைப் பார்த்துச் சொல்லி, இடமும் வலமும் திரும்பிக் காட்டும் 'இன்ட்ரோ'விலேயே பலர் பள்ளியில் செய்யுள் ஒப்பிப்பதுபோல் விறைத்துவிடுகிறார்கள் என்பதால், மேடை நாடக அனுபவமுள்ள ஆசிரியர் அதற்கே நெடுநேரம் ஒதுக்கினார். நட்சத்திரங்களின் பஞ்ச் வசனங்களுக்கு அங்கே அனுமதியில்லை. அவற்றைப் பேசினால் பார்ப்பவர் மனத்தில் அந்த நட்சத்திரமே வந்து நிற்பார், நாம் நிற்கமாட்டோம் என்பது ஆசிரியரின் கருத்து. மாறாக, மளிகைக் கடையில் மீதிச் சில்லறைக்காக வாதாடுவதை எனது நெல்லைப் பேச்சிலேயே நடிக்கச் சொன்னார். எதிர்வசனம் கொடுப்பவரை லென்ஸுக்கு மிக அருகில் நிறுத்தியதால் என் பார்வையும் அலைபாயவில்லை. தெருவில் செல்லும் பைக்குகளின் ஓசை மட்டும் ஒவ்வொரு பதிவிலும் தவறாமல் நடித்திருக்கிறது.

வணிகப் பக்கம்தான் உறுத்துகிறது. உடைகள் மாற்றி எடுக்கும் போர்ட்ஃபோலியோ என்ற புகைப்பட ஆல்பம் இல்லாமல் எந்த இயக்குநரும் திரும்பிப் பார்க்கமாட்டார் என்று வரவேற்பறையில் வற்புறுத்தினார்கள். 'காக்கா முட்டை'யின் இரு புதுமுகச் சிறுவர்கள் 2014ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றதையும், 2017இல் வெளியான மலையாளப் படமான 'அங்கமாலி டைரீஸ்' 86 புதுமுகங்களுடன் எடுக்கப்பட்டதையும் அறிந்தவர்கள், இயக்குநர்கள் ஜிகினாச் சட்டையைத் தேடி அலைவதாக நம்பமாட்டார்கள். 'நிறுவனங்களுக்கு ப்ரொஃபைல் அனுப்பும் பதிவுக் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகையும் கேட்டார்கள். எந்த நிறுவனங்கள் என்ற கேள்விக்குப் புன்னகையே பதிலாகக் கிடைத்தது. வாய்ப்புத் தருவதற்கு நடிகரிடமே பணம் கேட்பவரை நம்பலாகாது.

எனவே, வார இறுதிப் பயிற்சிக்கும் ஒரு காணொளிப் பதிவுக்கும் மட்டும் பணம் கட்டுங்கள். கோடும் எழுத்தும் இல்லாத ஒற்றை நிறச் சட்டை அணிந்து செல்லுங்கள். பதிவைப் பிறகு அனுப்புவதாகச் சொன்னால் ஏற்காமல், அங்கேயே பென்டிரைவில் வாங்கி, ஒலியையும் சரிபார்த்துக்கொண்டு புறப்படுங்கள்.