உப்புவெளிப் பக்கத்து பயோ கிளாஸ்: சிறுநீரக யூனிட்டுக்கு மட்டும் போனனான்

நான் ஏ/எல் செகண்ட் ஷை, ரெண்டாந்தரம் சோதினை எடுக்கிறன். போன முறை சிறுநீரகக் கேள்வியில தான் கவிண்டனான், அதால இந்தமுறை திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு சேரிட்ட அந்த யூனிட்டுக்கு மட்டும் நாலு சனிக்கிழமை போனனான். பேர் போடேல்ல, குறையும் சொல்லப்போறன்.

முதல் நாள் சேர் போர்ட்ல ஒண்டும் கீறேல்ல. வீட்ட கருவாடு போடுற ஆக்கள் ஆரெண்டு கேட்டார், பாதிப்பேர் கை தூக்கினம். உப்புப் போட்டா மீனுக்குள்ள கிடந்த தண்ணி தானா வெளியில வருதே அதை ஆரும் பம்ப் பண்ணுறேல்ல, சிறுநீரகத்திலயும் தண்ணியைத் தள்ள ஒரு பம்பும் இல்ல, உப்பைத் தான் தள்ளும், தண்ணி அதுக்குப் பின்னால பிரசாரணத்தில (உப்புக் கூடின பக்கத்துக்குத் தண்ணி தானா நகருறது) போகும் எண்டார். ரெண்டு வருசமா மண்டைக்குள்ள ஏறாதது அண்டைக்கு ஏறிச்சுது.

ஒரு நாளைக்கு இரத்தத்திலயிருந்து சிறுநீரகத்தில வடியிறது 180 லீட்டராம், சலமாப் போறது ஒண்டரை லீட்டர் அளவு தான். மிச்சத்தைத் திருப்பி எடுக்கிற செலவு கிட்டத்தட்ட முழுக்க சோடியம் பொட்டாசியம் பம்பின்ர தலையில, 3 சோடியம் கலத்துக்கு வெளிய, 2 பொட்டாசியம் உள்ள, ஒவ்வொருக்காவும் ஒரு ஏடிபி (கலம் சக்திக்குச் செலவழிக்கிற மூலக்கூறு). குளுக்கோஸ் சோடியத்தோட தொத்திக்கொண்டு வரும். இரத்தத்தில சீனி கூடினா அதைத் திருப்பித் தூக்கிற காவிப் புரதம் காணாது, மிஞ்சின சீனி தண்ணியையும் இழுத்துக்கொண்டு சலத்தோட போயிடும். எங்கட அம்மம்மா இரவில நாலுதரம் எழும்புறது ஏனெண்டு அப்ப தான் ஓடிச்சுது.

இனிக் குறை. ரியூட் (கிளாஸில குடுக்கிற நோட்ஸ்) போட்டோகொப்பி படு மங்கல். ஹென்லேயின் தடத்தில (சிறுநீரகக் குழாய் U மாதிரி வளையிற இடம்) இறங்கு புயத்தால தண்ணி வெளிய போகும் உப்புப் போகாது, ஏறு புயத்தில உப்புப் போகும் தண்ணி போகாது, அப்பிடித்தான் மையவிழையத்தின்ர (சிறுநீரகத்தின்ர உள்பகுதி) அடியில செறிவு லீட்டருக்கு 300 மில்லிஒஸ்மோலிலயிருந்து 1200 வரைக்கும் ஏறுது. பாடமே அந்த அம்புக்குறியில தான் கிடக்கு, அது தான் ரியூட்ல தெரியேல்ல! பக்கத்தில இருந்த பிள்ளை தலைகீழாக் கீறி வைச்சிருந்தவ.

ஏடிஎச் (தண்ணியை மிச்சம் பிடிக்கச் சொல்லுற ஓமோன்), அக்குவாப்போரின் (கலமென்சவ்வில தண்ணி போற வாசல்) எல்லாம் கடைசி இருவது நிமிசத்தில ஓடி முடிச்சிட்டார், அது சரியில்ல. ஆனா ஒரு பொடியன் கடல் தண்ணி குடிச்சா ஏன் தாகம் கூடுது எண்டு கேக்க, நிண்டு விளங்கப்படுத்தினார்: அந்த உப்பை வெளிய அனுப்ப குடிச்சதை விடக் கூடத் தண்ணி தேவையாம்.

5க்கு 4 போடுவன். படத்தை போர்ட்ல கீறேக்குள்ளயே கொப்பியில கீறுங்கோ, ரியூட்டை நம்பாதேங்கோ. பின் வாங்குக்கு மைக் கேக்காது, ஃபேனுக்குக் கீழ இடம் வேணுமெண்டா ஏழரைக்கே போகோணும்.