ஏஐ சாட்பாட்: எந்த வேலையை நம்பிக் கொடுக்கலாம்?

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், கோபைலட் என்று பெயர்கள்தான் வேறு. உள்ளே நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றே. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே மதிப்பிடலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நீங்கள் கையில் கொடுக்கும் எழுத்தை வைத்துச் சுருக்குவது, திருத்துவது, விளக்குவது, வடிவம் மாற்றுவது ஆகியவற்றில் இவை மிக நன்றாக உழைக்கின்றன. எதையும் கொடுக்காமல் தகவல் கேட்டால் சோதித்த பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் எளிது. இணையத்தில் தேடும் வசதி இயங்காதபோது சாட்பாட் எந்த ஏட்டையும் புரட்டிப் பார்ப்பதில்லை. எழுத்தை டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக உடைத்து, அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போகிறது. பயிற்சியின்போது, அதாவது ஏராளமான எழுத்தைக் கொடுத்து அதை உருவாக்கியபோது, பலமுறை பார்த்த விஷயம் என்றால் கணக்கு சரியாக விழும். அரிதாகப் பார்த்தது என்றால், அதாவது ஒரு சட்டப்பிரிவின் எண், ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு, அதிகம் அறியப்படாத ஒருவரின் பிறந்த ஆண்டு போன்றவை என்றால், பொருந்துவதுபோல் தெரியும் ஒன்றை இட்டுக்கட்டிவிடக்கூடும். சரியான பதிலும் இட்டுக்கட்டிய பதிலும் ஒரே தொனியில், ஒரே நிதானத்தோடு வரும். நடையை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

2023-ல் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக இருந்தன. எல்லாம் சாட்ஜிபிடி கொடுத்தவை. ‘இது உண்மையான வழக்கா?’ என்று அதனிடமே கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று பதில் வந்திருக்கிறது. 5,000 டாலர் அபராதத்தில் முடிந்தது. இட்டுக்கட்டிய இடத்திலேயே போய்ச் சரிபார்ப்பது சரிபார்ப்பாகாது.

‘உறுதியா?’ என்ற கேள்வியும் அப்படித்தான். சரியான பதிலைச் சொல்லிவிட்டுக்கூட, நீங்கள் சந்தேகப்பட்டதும் மன்னிப்புக் கேட்டு மாற்றிக்கொள்வதுண்டு. கேட்பவர் மனம் குளிரப் பேசுவது இந்தப் பொருளின் பழைய நோய். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2025 ஏப்ரலில் அளவுமீறி ஆமாம் போட்ட ஒரு பதிப்பைத் திரும்பப் பெற்றது. எனவே உங்கள் கருத்தைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். ‘இந்த ஒப்பந்தம் எனக்குச் சாதகம்தானே?’ என்பதை விட்டு, ‘இதில் எந்தெந்த வரி எனக்குப் பாதகமாக முடியலாம்?’ என்று கேளுங்கள். ஒருமுறை தவறான பாதையில் போய்விட்டால் அங்கேயே வாதாட வேண்டாம். தவறான பதிலும் அந்த உரையாடலின் பகுதியாகவே இருந்து அடுத்த பதிலையும் இழுக்கும். புதிய சாட் திறந்து, கேள்வியைத் திருத்தி எழுதுவதே விரைவான வழி.

ஆவணத்தைக் கொடுத்து வேலை வாங்குவதுதான் இதன் பலம். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. பிடிஎஃப்-ஐ ஏற்றியதும் முதலில், ‘ஏழாம் பக்கத்தின் முதல் வரி என்ன?’ என்று கேளுங்கள். ஸ்கேன் செய்த பக்கங்கள் சில நேரம் உள்ளே போயிருக்காது. ஆனாலும் பதில் மட்டும் வரும். அடுத்து, ‘ஒவ்வொரு பதிலுக்கும் ஆதாரமான வாக்கியத்தை அப்படியே மேற்கோளாகக் கொடு, ஆவணத்தில் இல்லை என்றால் இல்லை என்று எழுது’ என்பதைச் சேர்த்துவிடுங்கள். வந்த மேற்கோளை மூல ஆவணத்தில் கண்ட்ரோல்-எஃப் போட்டுத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்தப் பதிலை ஒதுக்கிவிடலாம். நீளமான ஆவணத்தில் நடுப்பகுதியில் இருப்பது விடுபடுவதுண்டு. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துக் கொடுத்தால் விடுபடுவது குறையும்.

தமிழில் பயன்படுத்துவோர் கவனிக்க இன்னொன்று. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். சாட்பாட் காண்பதோ இதிலிருந்து உருவான டோக்கன்களை. எழுத்தெண்ணிக்கை, எதுகை மோனை, ‘சரியாக 100 சொல்லில் எழுது’ போன்றவற்றில் அது தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு டோக்கன் அதிகம் செலவாவதால், இலவசக் கணக்கின் பயன்பாட்டு வரம்பும் சீக்கிரம் தீரக்கூடும். ஒற்றுப்பிழை திருத்தச் சொன்னால் சரியாக இருந்த இடத்திலும் கைவைக்கும். முழுக் கட்டுரையையும் திருப்பி எழுத விடாமல், ‘மாற்றங்களை மட்டும் பழையது, புதியது என அட்டவணையாகக் கொடு’ என்று கேட்டு, வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட கணக்கு என்றால் விடையைக் கேட்க வேண்டாம். எக்செல் சூத்திரத்தைக் கேட்டு வாங்கி, அதை நீங்கள் ஓட்டுங்கள்.

தேடல் வசதியோடு கேட்டால் நிலைமை மேம்படுகிறது, முழுதாகத் தீர்வதில்லை. சில நேரம் ஒரு பக்கத்தில் படித்ததற்கு வேறொரு பக்கத்தின் லிங்க்கைப் போடும்; பழைய விதியைப் புதியதாகச் சொல்லும். லிங்க்கைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: பக்கம் திறக்கிறதா, சொன்ன வாக்கியம் அங்கே இருக்கிறதா, தேதி என்ன. மருந்தின் அளவு, வரி, வழக்கின் கெடு போன்றவற்றில் இதையும் தாண்டி, மருத்துவரிடமோ உரிய அலுவலகத்திடமோ கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.

கடவுச்சொல், ஓடிபி, அடையாள எண், பிறருடைய மருத்துவ அறிக்கை, அலுவலக ரகசியம் எதையும் ஒட்டக் கூடாது. தேவைப்பட்டால் பெயரையும் எண்ணையும் ‘நபர் 1’, ‘கணக்கு 2’ என்று மாற்றிவிட்டுக் கொடுங்கள். உரையாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதை நிறுத்தும் வசதி பல சேவைகளின் செட்டிங்ஸ் பகுதியில் இருக்கிறது. முதல் நாளே அந்தப் பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள்.

கட்டணத் திட்டம் வேண்டுமா? பெரிய கோப்புகள், நீளமான உரையாடல், நிரல் எழுதுவது என்று தினமும் வேலை இருப்பவருக்கு அது பயன் தரும். கூடுதல் வரம்பும் திறமையான மாடலும் கிடைக்கும். இட்டுக்கட்டுவது குறையலாம், நிற்காது. பொய்த் தகவலுக்குப் பயந்து மட்டும் பணம் கட்ட நினைப்பவர் இலவசக் கணக்கிலேயே இருந்து, மேலே சொன்ன மேற்கோள் சோதனையைச் செய்தால் போதும்.